கயித்தான் மோத்தா வீட்டு மழை

நங்கூரத் தெருவில் மழை பெய்த அந்தக் கோடையில் வானத்தில் ஒரு மேகமும் கிடையாது, ஏனென்றால் அந்த மழை வானத்திலிருந்து வரவில்லை, கயித்தான் மோத்தாவின் முன்னறையிலிருந்து வந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நாங்கள் சிரிப்பதில்லை, அந்த ஆறு வாரமும் அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தோம், தலைக்குக் குளித்தோம், இரண்டு கல்யாணத்தையும் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற ஒரு புதுநன்மையையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நடத்தினோம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற தெரு எங்களுடையது. வடவரிசையில் பதினெட்டு வீடு, தென்வரிசையில் பதினெட்டு வீடு, இரண்டு வரிசையும் முட்டுகிற கிழக்குக் கடைசியில், கடலுக்கு முதுகைக் காட்டி, தெருவையே பார்த்தபடி கயித்தான் வீடு. அவர் முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் மற்ற கப்பல்காரர்கள் தோணி வாங்கினார்கள், மாடி எடுத்தார்கள், அவர் மட்டும் காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, பழைய சோற்றைக் குடித்துவிட்டு, முன்னறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கேசட்டில் இருந்தது அவர் மனைவி ஜெசிந்தாவின் குரல். எழுபத்தெட்டாம் வருஷம் கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் அவர் கப்பல் ஏறியபோது, அடைமழை பிடித்த ஒரு நவம்பர் சாயங்காலம், கடலுக்குப் போனவனைக் கரைக்குக் கூப்பிடுகிற ஒரு பாட்டை அவள் பாடிப் பதிந்து சிங்கப்பூருக்கு அனுப்பினாள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் அந்தக் காலத்தில் ஜெசிந்தா பாடினால் பெண்கள் பக்கம் விசிறி நின்றுவிடும் என்பார்கள். அந்தக் கேசட்டு எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் உலகத்தின் எல்லாத் துறைமுகங்களையும் பார்த்துவிட்டு அவரோடு வீட்டுக்கு வந்தது. வருவதற்குள் ஜெசிந்தாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் போய், உலர்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு கரகரப்புத்தான் மிஞ்சியிருந்தது. அதனால் கயித்தான் கேசட்டைக் கேட்டார். ஜெசிந்தா அடுக்களையில் மீன் கழுவினாள். இடையில் அவள் ஏதாவது சொல்ல வந்தால், கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி, "பொறு, பாட்டு முடியட்டும்" என்பார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. சிங்கப்பூரில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒற்றைப் பெட்டி; எந்தச் சத்தம் உள்ளே வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று பார்ப்பதும் அதுதான், ஸ்பீக்கரை உந்தித் தள்ளுகிற பலத்தைக் கொடுப்பதும் அதுதான். பாட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்' இருந்துகொண்டே இருந்தது. எங்கள் யார் காதிலும் அது விழவில்லை, அவருக்கோ வேறு எதுவுமே விழவில்லை.

"நுணுக்கமான வேலையும் முரட்டு வேலையும் ஒரே அறையில நடக்குது வே," என்பார் கேட்கிறவர்களிடமெல்லாம். "தட்டான் பட்டறையில கொல்லனைக் கொண்டு உக்கார வச்ச மாதிரி. ரெண்டு பேரையும் பிரிக்கணும்."

பிரித்தார். சென்னையில் ஒரு பழைய கப்பல் சிநேகிதன் மகன் வீட்டோடு போகப்போவதால் தன் பெட்டிகளை நல்ல கைக்குக் கொடுக்க நினைத்தான். கம்பளியில் சுற்றி ரயிலில் வந்தன. நுணுக்க வேலை பார்க்கிற ப்ரீஆம்ப் ஜெபப்புத்தகம் வைக்கிற பெட்டி போல ஒல்லியாக, முகத்தில் இரண்டு குமிழோடு, ஒன்று வால்யூம், ஒன்று பேலன்ஸ். முரட்டு வேலை பார்க்கிற பவர் ஆம்ப் கருப்பாக, நாலு பேர் தூக்கி நாலு தடவை இறக்கி வைக்க வேண்டிய கனத்தில், பூட்டைத் தவிர எல்லாம் இருக்கிற இரும்புப் பெட்டி போல. ஒன்றை மேல் தட்டிலும் ஒன்றைத் தரையில் பலகை போட்டும் வைத்து, நடுவே இரண்டே கம்பிகளை இழுத்து, மே மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கேசட்டைப் போட்டார்.

'ம்ம்ம்' இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பெரிய அமைதி இருந்தது, பூசையில் மணியடித்ததும் விழுகிற அமைதி. அதற்குள்ளிருந்து முதலில் ஓட்டின் மேல் சொட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு ஓடு முழுவதும், பிறகு வாழை இலையில், பிறகு வாசலில் கவிழ்த்து வைத்த அண்டாவில். முப்பத்து நாலு வருஷமாக அந்தப் பாட்டுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்ததை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் துணி ஈரமானது, அவர் பாதத்தின் கீழ் தரை குளிர்ந்தது, அவர் தலையிலும் மடியிலும் மழை விழுந்தது. இரண்டு பெட்டிகளின் மேல் மட்டும் ஒரு துளியும் விழவில்லை.

"ஏட்டி ஜெசி," என்று கத்தினார். "மழையும் பாடுதுட்டி!"

ஜெசிந்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பம் அந்தக் குடத்தை நகத்தி வைங்க," என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அந்தக் கோடையில் மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிணற்றில் உப்பு ஊறியது, குழாயைத் திறந்தால் காற்று வந்தது, தண்ணீர் லாரியைப் பார்த்தால் பெண்கள் சமைத்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஆகையால் கயித்தான் வீட்டு வாசல் வழியாக மழை இறங்கி, மாடி உயரத்தில் எங்கிருந்தோ விழத் தொடங்கியபோது, இது ஏன், எப்படி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, ஐஸ் மீன் பெட்டி எல்லாம் தெருவுக்கு வந்தன. தண்ணீர் தித்தித்தது. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் அங்கி நனைய நின்று பார்த்துவிட்டு, இதைப் பற்றி ஆயருக்கு எழுதிக் கேட்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் ஒரு வாளியைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்புகளுக்குப் பிறகு மழை நேரமும் வாசிக்கப்பட்டது.

வால்யூம் குமிழ் நிற்கிற இடத்தைக் கடிகார மணியாகத்தான் கயித்தான் சொல்லுவார். குமிழ் ஒன்பது மணியில் நின்றால் அவர் முன்னறையில் தூறல். பத்தில் ஆறாவது வீடு வரை. பன்னிரண்டில் தெருக்கோடி வரை நல்ல மழை. "இன்னைக்கு நாலு மணிக்குப் பன்னிரண்டு மணி மழை" என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்லிக்கொண்டால் அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. குமிழ் ஒரு தடவை தவறி மூன்றுக்குப் போனது. அன்றைக்கு மழை தெருவைத் தாண்டி உப்பளத்தில் இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சுயம்புக்கனி வந்தாள். உப்பளத்தில் உப்பை இழுத்துக் குவிக்கிற வாரு பலகை பிடிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள், பாதம் இரண்டும் உப்பில் வெந்து வெளுத்திருக்கும்.

"அண்ணாச்சி, பதினைஞ்சு நாளா வாரிக் குமிச்ச உப்பு," என்றாள். "உங்க வீட்டம்மா நல்லாத்தான் பாடுதாவ. ஆனா அவ்வளவு சத்தமாப் பாடுனா நாங்க எங்க போவோம்?"

கயித்தானுக்கு முகம் சிறுத்துவிட்டது. "எதுவரைக்கும் வந்தா உங்களுக்குச் சேதமில்ல? நீயே சொல்லு தாயி."

சுயம்புக்கனி உப்பளத்தின் முதல் பாத்தியருகே போய் நின்றாள். தெருவில் ஆளுக்காள் நின்று சத்தம் கொடுக்க, குமிழ் மெல்ல மெல்லத் திரும்பியது. அவள் காலடியில் முதல் துளி விழுந்ததும் கையைத் தூக்கினாள். அந்த இடத்தில், ஒரு கீறல் விழாமல் அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ப்ரீஆம்பின் முகத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார்கள். கோடு போடும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முதல் உப்பளத்துப் பெண்களும் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கொரு குடம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது பேலன்ஸ் குமிழ். இடது ஸ்பீக்கர் வடவரிசைக்கு, வலது ஸ்பீக்கர் தென்வரிசைக்கு. வடவரிசையில் பாசி பிடிக்கிற அளவுக்குப் பெய்கிறதென்றும், தங்கள் பக்கம் சாரல்தான் அடிக்கிறதென்றும் தென்வரிசைக்காரர்கள் கிளப்பினார்கள். காது குத்துக்கு, சுகமில்லாதவருக்கு, வெள்ளையடிப்புக்கு என்று ஆளாளுக்கு வந்து அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தார்கள். கயித்தான் அத்தனை பேருக்கும் தலையாட்டினார். கடைசியில் ஜெசிந்தா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குமிழை நடுவில் நிறுத்தி, அதன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் குமிழின் பக்கம் போகவில்லை.

ஆனால் நாங்கள் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒன்று இருந்தது. அது எழுபத்தெட்டாம் வருஷத்து மழை. அதில் நனைந்தால் தெருவை அகலமாக்க வெட்டிய பூவரச மரத்தின் வாசனை வந்தது, எல்லா வீடும் ஓட்டு வீடாக இருந்தபோது அடித்த ஓட்டுப்பாசி வாசனை வந்தது, தூரத்தில், கீறல் விழுவதற்கு முந்தைய கோயில் மணியின் சத்தமும் கேட்பது போல் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் குடம் நிறைந்த பிறகும் உள்ளே போகாமல் நின்றார்கள். தெருவில் எப்போதும் சண்டைக்கு நிற்கிற ஒருவர், அவர் பெயர் வேண்டாம், நனைந்தபடி நடைபாதையில் உட்கார்ந்து தன் அம்மாவின் சாம்பல் நிறச் சேலையைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் மேல் ஜெசிந்தாவின் இளமைக் குரல் தெரு நெடுகப் பாடிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் ஜெசிந்தா மட்டும் பின்கட்டில் இருப்பாள்.

நாலாவது வாரம் கயித்தான் அதைக் கவனித்தார். பாட்டின் உச்சியில் குரல் ஏறுகிற இடத்தில் ஒரு மங்கல். கேசட்டைத் திறந்து பார்த்தார்; நாடா தேய்ந்து, கேசட் ஓடுகிற டெக்கின் காந்தத் தலையில் காப்பிப் பொடி போலப் படிந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் ஜெசிந்தா போய்க்கொண்டிருந்தாள். கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ரொசாரியோவைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துப் பார்த்தார். பிரதியில் மழையும் இல்லை, குரலும் இல்லை, வெறும் காற்றுத்தான் இருந்தது.

மறுநாள் அவர் கேசட்டைப் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு நாங்கள் குடங்களோடு போய் அவர் வாசலில் நின்றோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் திட்டியிருப்பார், அது சுலபமாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டெக்கின் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாத," என்றார் கயித்தான். "உன் குரல்ட்டி அது. தேஞ்சுக்கிட்டே போகுது."

"எனக்குக் குரல் போய் பதிமூணு வருசமாச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

"எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"அப்பம் நான் யாரு?"

வாசலில் நின்ற எங்களுக்குக் குடத்தை எங்கே பார்த்துப் பிடிப்பது என்று தெரியவில்லை.

"புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல," என்றாள் ஜெசிந்தா, அந்தக் கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் சுமந்து வந்து இறக்குவது போல. "பாடுனது நான். அதைக் குடுக்கதும் நான்தான்." அவள் பொத்தானை அமுக்கினாள். நாங்கள் தண்ணீர் பிடித்தோம்.

அதன் பிறகு அவர் தடுக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு உட்பட்டு, ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு, தானே போட்டார். போட்டுவிட்டு நாற்காலியில் உட்காராமல் சுவர் ஓரம் நின்றார். முதலில் பாட்டின் சொற்கள் போயின, ராகம் நின்றது. பிறகு ராகமும் போனது, மழை மட்டும் பெய்தது. பிறகு மழை மெலிந்து தூறலாகி, தூறல் பனியாகி, ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை, குமிழைச் சிவப்புக் கோடு வரை திருப்பியும், எங்கள் முகத்தில் ஈரத்துணியை ஒரு தரம் உதறியது போல இருந்தது, அவ்வளவுதான். குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் தண்ணீர் லாரிகள் அடிக்கடி வரத் தொடங்கின. கடவுள் புண்ணியத்தில் யாரும் சாகவில்லை.

பிறகு நடந்ததை ஜெசிந்தாவே பின்னால் எங்களிடம் சொன்னாள்.

ஒரு மத்தியானம், அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கயித்தானுக்கு ஒரு யோசனை வந்தது. கேசட்டின் ஒரு பக்கத்துச் சத்தம் சில சமயம் நாடா வழியே மறுபக்கத்துக்கும் மெல்லியதாக ஊறியிருக்கும். ஜெசிந்தாவின் பாட்டு தலைகீழாகவாவது, நிழலாகவாவது அங்கே மிஞ்சியிருக்கலாம். மறுபக்கம் வெற்றுப் பக்கம் என்றுதான் அவர் எப்போதும் நினைத்திருந்தார். கப்பலில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்து, எஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல் எடுத்துவிட்டிருந்தார். பிற்பாடு ஒற்றைப் பெட்டியில் அதைப் போட்டுப் பார்க்கவே தோன்றவில்லை. இப்போது திருப்பிப் போட்டு, குமிழைக் கோட்டுக்கு மேலேயே கொண்டுபோய், ஸ்பீக்கரின் பக்கத்தில் காதை வைத்தார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சுவிடும் சத்தம். பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"இஞ்சேருங்க. மாமி தூங்குதாவ, அதான் மெல்லமாப் பேசுதேன். கேக்குதா? கன்னியர் பள்ளிக்கூடத்துல என்னைப் பாட்டு டீச்சர் வேலைக்குக் கூப்பிடுதாவ. மதர் ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாவ. ஜனவரி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்னு சொல்லிருக்காவ. மாமிக்கு இஷ்டமில்ல. நீங்க போன்னு ஒரு வரி எழுதுனா மாமி ஒண்ணும் சொல்லமாட்டாவ. எனக்குப் போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. எழுதலைன்னா, வேண்டாம்னு சொல்லுதியன்னு எடுத்துக்கிடுதேன். அப்புறம் திரும்பக் கேக்கமாட்டேன். வேளைக்குச் சாப்பிடுங்க."

பிறகு பொத்தானை அமுக்குகிற சத்தம். மழை எதுவும் வரவில்லை. அவள் அதைப் பேசிப் பதிந்த அன்றைக்கு நல்ல வெயிலாக இருந்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா மார்க்கெட்டிலிருந்து வந்தபோது அவர் முன்னறையில் இல்லை. துறைமுகத்துத் தபால் ஆபீஸ் வரை நடந்து போயிருந்தார். திரும்பி வந்தவர் சோறு வேண்டாம் என்றார். அவள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தொண்டையில் இருக்கிற ஆபரேஷன் தழும்பைப் பார்த்தார், பாயை விரித்துப் படுத்துவிட்டார். இரண்டு நாளும் அப்படியே போனது. நாற்காலி சும்மா கிடந்தது.

மூன்றாம் நாள் தபால்காரர் ஒரு நீல இன்லண்டு லெட்டரைக் கொண்டுவந்தார். அனுப்புநர் கயித்தான் மோத்தா, நங்கூரத் தெரு. பெறுநர் ஜெசிந்தா மோத்தா, நங்கூரத் தெரு. தபால்காரர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, கப்பல்காரர் வீட்டில் இதெல்லாம் உள்ளதுதான் என்பது போல நீட்டினார். அடுக்களையில் நின்று அவள் பிரித்தாள். பெரிய எழுத்தில், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது.

'போ ஜெசி. லேட்டாகிட்டு. போ.'

அவள் அதை ஒரு தரம் படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள். அடுப்பை அணைத்தாள். முன்னறையில் அவர் இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு, தரையில் இருந்த கனமான பெட்டியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"மறுபக்கம் இப்பந்தான் கேட்டியளா?" என்றாள்.

"கேக்கலட்டி. அன்னைக்கு எனக்குக் கேக்கல. மாதா சத்தியமா கேக்கல."

"முப்பத்து நாலு வருசமா வேண்டாம்னு சொல்லிட்டியன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் அழவில்லை. அழுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் உள்ளறைக்குப் போய் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையை உடுத்தி, தலையைச் சீவி முடிந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினாள். நடுத்தெருவில் நின்ற எங்களையும் தாண்டிப் போனாள். பஸ் ஏறுகிற வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் கூப்பிடத் தோன்றவில்லை.

கயித்தான் வாசலுக்கும் முன்னறைக்குமாக நடந்தார். சுயம்புக்கனி வேலை முடிந்து போகிற வழியில் நின்று, "வந்துருவாவ அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பஸ் வந்து நின்றது.

ஜெசிந்தா வந்து செருப்பைக் கழற்றினாள். அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து முழுதையும் குடித்தாள்.

"போயிட்டு வந்துட்டேன்," என்றாள்.

"உள்ள விட்டானா?"

"பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேட்டான். பாட்டு வகுப்பைன்னேன். பேத்தி படிக்குதோன்னு நெனச்சு விட்டுட்டான். வராந்தாவுல நின்னு கேட்டேன், மணி அடிக்கும் வரைக்கும்."

அவர் அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள், பிறகு ஏதோ கணக்குத் தவறிப்போனது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது வரிசையில ஒரு புள்ள சுருதி விலகிப் பாடுதா. நல்ல குரல். ஒருத்தரும் கவனிக்கல."

"நீ சொல்லலையா?"

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றாள் ஜெசிந்தா.